பாப்பா மெஷின் என்று எழுதிய அடாப்டர்

பிப்ரவரி 4

பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். ஆண்டவன் அருளால் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் போன் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதாக உன் அண்ணன் சொன்னார். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் இந்த வழியாக வருகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு கிளம்பி இன்றோடு ஒன்பது நாள். நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் உன் அண்ணன் லாரி நிற்கிற இடமெல்லாம், "என் சம்சாரம் தங்கச்சியோட காது மெஷினை எரிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அதனால் என் பக்கத்தையும் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

அன்று காலை காது மெஷின் இரண்டையும் கழற்றி, அந்த சார்ஜர் பெட்டிக்குள் வைத்துவிட்டு நீ குளிக்கப் போனாய். பெட்டியில் விளக்கு எரியவில்லை. பார்த்தால் வயரே செருகவில்லை. சரி, குளித்துவிட்டு வருவதற்குள் கொஞ்சமாவது ஏறட்டும் என்று அலமாரியைத் திறந்தேன். 'பாப்பா மெஷின்' என்று நானே காகிதம் ஒட்டி எழுதி வைத்திருக்கும் அடாப்டரை எடுத்துச் செருகினேன். நீ ஒவ்வொரு தடவை வரும்போதும் செருகுகிறாயே, அதே அடாப்டர்தான். பின் அழகாகப் பொருந்தியது. இடிக்கவில்லை, திணிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் நாற்றம் வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உப்பு டப்பாவில்கூட உப்பு என்று எழுதி வைப்பவள் நான். என்னைப் பார்த்து அஜாக்கிரதை என்று நீ சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. அந்த வாரம் எங்கள் வீட்டு வைஃபை பெட்டியும்தான் செத்துக் கிடந்தது. உன் அண்ணன் இன்னமும் கம்பெனிக்காரனோடு போனில் மல்லுக்கு நிற்கிறார். கரண்ட்டிலேயே ஏதோ கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ விட்டுப்போன சால்வையைத் துவைத்து, இதோடு அனுப்புகிறேன். காலையும் மாலையும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன். பதில் போடு.

அண்ணி

*

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

சால்வை வந்தது.

பின் பொருந்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுடைய செருப்புகூட என் காலில் நுழையும்.

இங்கே நடந்ததையும் கேளுங்கள். ஊர் திரும்பிய மூன்றாம் நாள், நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் என் முதுகுக்குப் பின்னால் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று நாற்காலியிலிருந்து விழுந்து அழுதிருக்கிறது. நான் பால் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அழுகை என் காதில் விழவில்லை. பக்கத்து அறைப் பெண் ஓடி வந்து தூக்கினாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் தலைவி என்னைக் கூப்பிட்டு, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "இனிமேல் துணி துவைக்கும் அறை." திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி எல்லோருக்கும் காது, கண் பரிசோதனை. அன்றைக்குக் கேட்டால் குழந்தைகளிடம் திரும்பலாம். கேட்காவிட்டால் இனி எப்போதும் போர்வை மடிப்பதுதான். ஆஸ்பத்திரியில் புது மெஷினுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு முன்னால் வரிசை நிற்கிறது, ஜூலைக்கு மேல் ஆகுமாம். பதினாறு வருஷம் குழந்தைகளோடு இருந்துவிட்டேன், அண்ணி. போர்வைகள் என்னை அடையாளம் கண்டு சிரிப்பதில்லை.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மெஷின் எரிவதற்கு முந்தின நாள், நான் வந்து இறங்கிய அன்று சாயங்காலம், வாசலில் எதிர்வீட்டு டீச்சரிடம் நீங்கள் சொன்னீர்கள்: "இவ வந்தா வீடே சந்தைக்கடை ஆயிடுது. கத்திக் கத்தி என் தொண்டை வத்திப்போச்சு." மெஷின் அப்போது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. மறுநாள் காலை எரிந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நம்பத்தான் பார்க்கிறேன்.

உங்கள் வேண்டுதலில் எனக்குக் குறையில்லை. ஆனால் வயர் பார்த்துச் செருகுகிற வேலையையும் ஆண்டவன் தலையில் கட்டாதீர்கள். இனி எழுத வேண்டாம்.

பாப்பா

*

பிப்ரவரி 20

பாப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அடுப்பில் போடு.

அந்த வார்த்தையைச் சொன்னேன். இல்லை என்றால் பொய். உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அது ஒரு சின்னச் சண்டை, சாப்பிட்டு எழுந்தால் மறந்திருப்போம். முதுகுக்குப் பின்னால் சொன்னேன், அதுவும் வெளி ஆளிடம். அதற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை.

ஆனால் வேண்டுமென்றே எரித்தேனோ என்கிற உன் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்னால் சோறு வடிக்க முடியவில்லை. அதனால் என்ன நடந்தது என்று நானே பார்த்துவிடுவதாக முடிவு செய்தேன். நூலகத்தில் மின்சாரத்தைப் பற்றிய பள்ளிப் பிள்ளைகள் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். உன் அண்ணன் லாரிப் பெட்டியில் பேட்டரி பார்க்க ஒரு மீட்டர் வைத்திருக்கிறார் அல்லவா, சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்றாக இரண்டு கம்பி தொங்குமே, அதையும் கேட்டு வாங்கினேன்.

"இத்தனை வருஷமா லாரி ஓட்டறேன். ஒருநாளாவது பேட்டரியைப் பத்தி என்னைக் கேட்டிருக்கியா?" என்றார்.

"இத்தனை வருஷமா சாப்பிடறீங்க. ஒருநாளாவது அடுப்பைப் பத்திக் கேட்டீங்களா?" என்றேன். மீட்டர் கைக்கு வந்துவிட்டது.

முதல் நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. டார்ச்சிலிருந்து ஒரு செல்லை எடுத்து அதன் தலையில் சிவப்புக் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீட்டர் பூஜ்யமே காட்டியது. கம்பியை அழுத்திப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன். உன் அண்ணன் சிரித்துக்கொண்டே, "கறுப்புக் கம்பியை யாருக்கு வச்சிருக்கே?" என்றார். அதை செல்லின் அடியில் வைத்த பிறகுதான் 1.5 என்று வந்தது.

அன்றைக்குத்தான் புத்தகத்தில் நான் மூன்று முறை படித்தும் ஏறாத வரி ஏறியது. வோல்ட் என்பது ஓர் இடத்தில் இருப்பதில்லை. இரண்டு இடத்துக்கு நடுவில் உள்ள வித்தியாசம்தான் வோல்ட். மாடிப்படி மாதிரி. மேல்படியை மட்டும் காட்டி எவ்வளவு உயரம் என்று கேட்டால் யார் சொல்வார்? எங்கிருந்து என்று கேட்பார்கள். அந்த வித்தியாசம்தான் கரண்ட்டைப் பிடித்துத் தள்ளுகிறது. வித்தியாசம் கூடினால் தள்ளுவதும் கூடும்.

பிறகு கை நிற்கவில்லை. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி வைக்கிறேன். டார்ச்சில் மூன்று செல், ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் நாலரை. லாரியில் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு பேட்டரி, சேர்த்தால் இருபத்துநாலு. நீ இருந்தபோது டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை என்று தட்டித் தட்டிப் பார்த்தோமே, அதில் இருந்த செல் ஒவ்வொன்றிலும் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் மீதி. செல் சாகவில்லை, ரிமோட்டை எழுப்புகிற அளவுக்குத் தெம்பில்லை.

பழைய ரேடியோவின் கனமான அடாப்டர் வேடிக்கையானது. மேலே ஒன்பது என்று போட்டிருக்கிறது. தனியாக அளந்தால் பதின்மூன்று காட்டுகிறது! ரேடியோவில் செருகிப் பாட விட்டால் ஒன்பதுக்கு இறங்கிவிடுகிறது. சும்மா இருக்கும்போது துள்ளும், வேலை கொடுத்தால் அடங்கும். இந்த வீட்டில் அப்படி இன்னொருவரும் இருக்கிறார், பெயர் எழுதவில்லை.

சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்குள் கம்பியை விடமாட்டேன் என்று உன் அண்ணனுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். நீயும் பயப்படாதே.

உன் அடாப்டரை இன்னும் அளக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கை போகவில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 27

அண்ணிக்கு,

அடுப்பில் போடவில்லை. ரேடியோ அடாப்டர் பகுதியைத் துவைக்கும் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர்கள் சிரித்ததை வாயசைவில் பார்த்தேன்.

ஒரே கேள்வி. என் அடாப்டர் எத்தனை காட்டுகிறது?

பாப்பா

*

மார்ச் 5

பாப்பாவுக்கு,

உன் ஒற்றை வரிக் கேள்வியை ஆண்டவன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். 'ஐந்து என்று காட்டிவிடு' என்று வேண்டிக்கொண்டேன். உடனே வெட்கமாகிவிட்டது. மீட்டரைப் பொய் சொல்ல வைக்க ஆண்டவனைச் சிபாரிசுக்கு அனுப்புவதா? வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பின்னின் ஓட்டைக்குள் சிவப்புக் கம்பி, வெளி வளையத்தில் கறுப்புக் கம்பி. 12.1.

உன் பெட்டியின் அடியில் ஐந்து என்று போட்டிருக்கும் என்பதை நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறேன்.

நான் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தேன். 'பாப்பா மெஷின்' என்ற என் அழகான கையெழுத்துக்கு அடியில், கம்பெனிக்காரனே அச்சடித்து வைத்திருக்கிறான்: 12 வோல்ட். அதற்குப் பிறகு வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். அதன்மேல் 'வைஃபை' என்று எழுதியிருந்தேன். உரித்தால், 5 வோல்ட். இடம் மாற்றிச் செருகினேன். ஒன்றரை மாதமாகச் செத்துக் கிடந்த வைஃபை பெட்டியில் நாலு விளக்கும் வரிசையாக எரிந்தன. உன் அண்ணன் அத்தனை நாளும் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார் அல்லவா, இன்று போன் போட்டு, "சார், தானாவே சரியாயிடுச்சு" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது ஒரு குணம் அவரிடம்.

எப்படி மாறியது என்றும் தெரிந்துவிட்டது. நீ வருகிறாய் என்று முந்தின நாள் அலமாரியை ஈரத்துணியால் துடைத்தேன். எல்லாவற்றையும் பிடுங்கித் துடைத்ததில் பழைய காகிதங்கள் நனைந்து உரிந்தன. புதிதாக எழுதி ஒட்டினேன். இரண்டு அடாப்டரும் கறுப்பு, ஒரே அளவு, ஒரே பின். எது எது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அச்சடித்த எழுத்தைப் படித்திருக்கலாம். அது பொடி எழுத்து, அந்நிய சமாசாரம், நமக்கெதற்கு என்று அதன் மேலேயே என் காகிதத்தை ஒட்டினேன். உண்மையை மறைத்து அதன்மேல் சுத்தமாக எழுதி வைத்ததுதான் நான் செய்த வேலை.

நான்தான் எரித்தேன், பாப்பா. வேண்டுமென்றே இல்லை. ஆனால் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன்.

அன்று அஜாக்கிரதை என்றாய். அது சரியான வார்த்தைதான்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எந்நேரமும் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பதால் தெருவே அவளைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடும். அவளிடம் சொன்னேன். "பெட்டியைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. ஆனா பெட்டி செத்தா காது மெஷினும் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல" என்றாள். பெட்டியை அனுப்புவாயா? முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணி

*

மார்ச் 10

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் துவைக்கும் மெஷின் மேல் வைத்து இரண்டு முறை படித்தேன். அதிர்ந்துகொண்டே இருந்தது. மெஷினைச் சொல்கிறேன்.

பெட்டியை அனுப்பப் பயமாக இருக்கிறது. திறக்கக் கூடாது என்று அதன்மேல் போட்டிருக்கிறது. இதுவரை அது செத்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். திறந்து பார்த்து, செத்தேவிட்டது என்று ஆகிவிட்டால் அப்புறம் எனக்கு முப்பத்தொன்றாம் தேதியே கிடையாது.

நீங்கள் ஒப்புக்கொண்டதால் நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் பெட்டியோடு வந்த அடாப்டர் இரண்டு. ஒன்றை மூன்று வருஷம் முன்னால் உங்கள் வீட்டில் மறந்துவிட்டு வந்தேன். அடுத்த முறை வந்தபோது அதன்மேல் 'பாப்பா மெஷின்' என்று காகிதம் ஒட்டி, சுருட்டி, நூல் கட்டி வைத்திருந்தீர்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் வாடகை அறையில் இருக்கிறேன், கதவில்கூட முன்னால் இருந்தவர் பெயர்தான் இருக்கிறது. இன்னொரு வீட்டில் என் பெயர் எழுதிய ஒரு பொருள் இருக்கிறது என்பது பெரிய விஷயம். அதனால்தான் உங்கள் வீட்டுக்கு வரும்போது வயர் கொண்டுவருவதே இல்லை.

அந்த அடாப்டர் என் மெஷினை எரித்ததும், முந்தின நாள் கேட்ட வார்த்தையும் சேர்ந்துகொண்டன. அதுதான் அப்படிக் கிளம்பிவிட்டேன்.

பெட்டி மட்டும் தனிப் பார்சலில் வருகிறது. காதில் மாட்டும் இரண்டையும் அனுப்பவில்லை. பாதி நம்பிக்கைதான். மீட்டரை வைத்து அதையும் அளந்துகொள்ளுங்கள்.

பாப்பா

*

மார்ச் 19

பாப்பாவுக்கு,

பாதிக்கே நான் தகுதியா என்று தெரியாது. வாங்கிக்கொண்டேன்.

பூதக்கண்ணாடியின் கடையில் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்ததும் அதே நாற்றம். அவள் லென்ஸை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. வயர் நுழையற இடத்துல அரிசிக் குருணை மாதிரி ஒண்ணு கருகியிருக்கு தெரியுதா? இவன் வாசல் காவல்காரன். வரவேண்டியதுக்கு மேல வந்தா, தானே குறுக்கே விழுந்து மறிச்சிடுவான். உள்ளே விடமாட்டான்."

"மறிச்சானா?"

"மறிச்சுத்தான் செத்திருக்கான். பக்கத்துல தலைமுடி மாதிரி ஓடற செம்புக் கோடும் கருகி அறுந்துடுச்சு. அதோட வழியும் அடைஞ்சிடுச்சு. உள்ளே எல்லாம் பளிச்சுன்னு இருக்கு."

அவ்வளவு சின்னக் குருணை, பாப்பா. அதற்காக அங்கேயே மனதுக்குள் ஒரு வேண்டுதல் சொன்னேன்.

இன்னொரு பழைய பெட்டியிலிருந்து அதேபோல ஒரு காவல்காரனைக் கழற்றி வைத்தாள். அறுந்த கோட்டுக்கு மேல் மெல்லிய கம்பியைப் பற்றவைத்தாள். பிறகு மீட்டரை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க, நான் சொன்னா நம்பமாட்டீங்க" என்றாள். வாசலில் 5.0. அதன் மூளையாக இருக்கும் கறுப்புத் துண்டுக்கு அருகில் வெறும் 3.3. ஐந்து உள்ளே வந்தாலும் அதற்கு ஐந்து ஆகாதாம், நடுவில் ஒன்று குறைத்துக் கொடுக்கிறதாம். ஒரே அடுப்பில் சமைத்தாலும் காய்ச்சல்காரருக்குக் காரம் போடுமுன் எடுத்து வைக்கிறோம் அல்லவா, அந்த ஏற்பாடு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கிறது. எனக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

பெட்டியை அனுப்புகிறேன். கிளம்பும்முன் மறுபடி அளந்தேன். உன் இரண்டாவது அடாப்டரின் அடியில் அச்சடித்ததைப் படி, ஐந்து என்று இருக்கும். படித்துவிட்டுச் செருகு. காதில் மாட்டும் இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. சரியாகிவிடும் என்று எழுத ஆசைதான். அளக்காததை எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இங்கே இருக்கும் உன் அடாப்டரை நான் அனுப்பவில்லை. அதில் புதுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன், இந்த முறை வயரின் மேல், கொடி மாதிரி. அச்செழுத்து முழுதாகத் தெரிகிறது. அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

எதிர்வீட்டு டீச்சரிடமும் போனேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அவ பேச்சு இல்லாமதான் வீடு வெறிச்சுன்னு கிடக்கு" என்றேன். "எதைச் சொன்னீங்க?" என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை! நமக்குத்தான் இரண்டு மாதச் சண்டை.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

பெட்டி இருபத்துநாலாம் தேதி வந்தது. வேலை முடிந்து வந்து, அச்செழுத்தைப் படித்தேன். ஐந்து. திரும்பவும் படித்தேன். ஐந்துதான். செருகிவிட்டு, மூக்கைப் பெட்டிக்கு அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்றம் வரவில்லை. வலது பக்கம் சிவப்பு விளக்கு வந்து மின்னியது. இடது பக்கம் வரவில்லை. துடைத்துப் பார்த்தேன், மாற்றி வைத்துப் பார்த்தேன். வரவில்லை. உங்கள் காவல்காரன் குறுக்கே விழுவதற்குள் கொஞ்சம் தப்பி உள்ளே போயிருக்கும் போல.

வலது மட்டும் பச்சை ஆனதும் எடுத்து மாட்டினேன். முதலில் கேட்டது என்ன தெரியுமா? பக்கத்து அறையில் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த டக் டக். அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன். வெங்காயத்தால் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி பரிசோதனைக்கு ஒற்றை மெஷினோடு போனேன். டாக்டர் திரைக்குப் பின்னால் நின்று மெல்லப் பேசினார், மணி அடித்தார், பொம்மையை அமுக்கினார். பத்தில் எட்டு சொன்னேன். தலைவி முகம் கொடுக்காமல் தாளில் என்னவோ எழுதினார். எனக்கு மறுபடி போர்வைதான் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, வாயாலேயே சொன்னார்: "திங்கட்கிழமையிலேர்ந்து சின்னப் பிள்ளைங்க அறை. வலது பக்கம் பிள்ளைங்க இருக்கிற மாதிரி உட்காருங்க." இடது காதுக்குப் புது மெஷின் ஜூலையில்.

இடது பக்கம் போனதற்கு நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். வருத்தப்படுங்கள், ஒரு நாள். அதற்கு மேல் வேண்டாம். நோட்டில் அதையும் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுங்கள்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதத்தை நிறுத்த வேண்டாம். துவைக்கும் அறைக்காரர்கள் அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள்.

மே மாதம் எனக்கு ஒரு வாரம் விடுமுறை. அண்ணனிடம் சொல்லுங்கள், டீச்சரிடமும் சொல்லுங்கள், சந்தைக்கடை வருகிறது. நீங்கள் வலது பக்கமாக நின்று பேசினால் தொண்டை வற்றாது.

பெட்டியைக் கொண்டுவருவேன். வயர் கொண்டுவர மாட்டேன்.

பாப்பா